ப்ரீவாஷ் பட்டனும் உவர்மண்ணும்

முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷினில் சோப்புத்தூள் போடும் தட்டை இழுத்தால் உள்ளே மூன்று அறைகள் இருக்கும். ஒன்று முக்கிய சலவைக்கு. ஒன்று துணியை மென்மையாக்கும் திரவத்துக்கு. மூன்றாவது அறை பெரும்பாலான வீடுகளில் காலியாகவே கிடக்கும். அதுதான் ப்ரீவாஷ், அதாவது முன்சலவைக்கான அறை. இது மெஷினோடு வந்த புது வசதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சலவைத் தொழிலின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று இது!

முன்சலவையில் மெஷின் செய்வது எளிய வேலைதான். குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில், கொஞ்சம் தூளோடு துணியைச் சிறிது நேரம் அலசும். அந்த அழுக்கு நீரை வெளியேற்றும். பிறகு புது நீர் பிடித்து முக்கிய சலவையைத் தொடங்கும். இரத்தம், பால், முட்டை போன்ற கறைகள் புரதத்தால் ஆனவை. எடுத்த எடுப்பிலேயே வெந்நீர் பட்டால் அவை வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் முதல் தண்ணீர் சூடாக இருக்கக்கூடாது.

சேலம் அம்மாபேட்டைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அது நெசவாளர்கள் நிறைந்த பகுதி. பருத்திப் பாவு நூல் தறியில் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி தோய்ப்பார்கள். அந்தக் கஞ்சி புது வேட்டியோடு வீட்டுக்கு வந்துவிடும். எனவே புதுத் துணியை முதலில் வெறும் நீரில் ஊறவைத்து அலச வேண்டும். பட்டுக்கோ துணியாவதற்கு முன்பே இந்த வேலை நடந்துவிடுகிறது. கச்சாப் பட்டிழையின் மேல் செரிசின் என்ற பசை இருக்கிறது; எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதுதான். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அதை நீக்கிய பிறகே பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் வரும். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டின் பின்னாலும் இந்த வேலை இருக்கிறது.

தமிழில் இதற்கான சான்று இரண்டாயிரம் ஆண்டு பழையது. புறநானூற்றின் 311-ஆம் பாடலில், களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் நாள்தோறும் துணி வெளுக்கும் ஒரு பெண் வருகிறாள். ஏன் களர் நிலம்? அந்த மண்ணில் சோடியம் கார்பனேட் போன்ற காரங்கள் உண்டு. அவை எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்தெடுக்கும். குறுந்தொகையின் 330-ஆம் பாடலிலும் ஒரு சலவைப் பெண் உண்டு. அவள் கஞ்சி தோய்த்த துணியை ஒரு முறை அடித்துவிட்டுக் குளிர்ந்த குளத்தில் போடுகிறாள். தண்ணீரைத் தேர்ந்தெடுப்பதும் வேலையின் வரிசையும் அப்போதே தொழில் அறிவாக இருந்தன எனலாம்.

அண்மைக் காலம் வரை ஊர்களில் வண்ணார்கள் செய்ததும் இதன் தொடர்ச்சியே. உவர்மண் கரைத்த நீரில் துணிகளை முக்கி எடுப்பார்கள். பிறகு வெள்ளாவிப் பானைக்கு மேல் அடுக்கி, அடியில் தீ மூட்டி, இரவு முழுவதும் ஆவியில் அவிப்பார்கள். காலையில் ஆற்றங்கரைக் கல்லில் அடித்துத் துவைப்பார்கள். காரமும் ஆவியும் அழுக்கை முன்பே இளக்கிவிடுவதால் கல்லில் அடிக்கும் வேலை குறையும். இது வேதியியல் அல்லாமல் வேறென்ன?

ஆனால் இந்த அறிவை வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு ஒருமுறை தானியக் கூலியும், அன்றாடம் சோறும், கீழான சாதி என்ற பெயரும்தான். தீட்டுத் துணி, பிரசவத் துணி எல்லாம் அவர்கள் கைக்கே வந்தன. அவர்களிலும் தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்களின் நிலை இன்னும் கொடியது. பிறர் கண்ணில் படுவதே தீட்டு என்று சொல்லி அவர்களைப் பகலில் நடமாட விடாத ஊர்கள் இருந்தன. அவர்களுக்கென நல வாரியம் ஒன்றைத் தமிழக அரசு அமைத்தது 2009-இல்தான்!

மேலைநாட்டில் இதே வேலைக்குக் காப்புரிமை கிடைத்தது. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகளைத் துணி ஊறவைக்கப் பயன்படுத்தும் முறைக்கு 1913-இல் காப்புரிமை பெற்றார். 'பர்னஸ்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் சன்லைட் சோப்பு 1888-இல் கல்கத்தாவில் இறங்கியது. சர்ஃப் 1959-இல் வந்தது. சோப்புக் கட்டியைத் தேய்த்துப் பழகிய பெண்களுக்கு, வாளியில் தூள் கரைத்து ஊறவைக்கும் முறையை அது கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உவர்மண்ணில் ஊறவைத்த நாட்டில் ஊறவைப்பது புதுமையாக விற்கப்பட்டது என்பது வேடிக்கைதான். அடுத்து 1969-இல் நிர்மா வந்தது. தூளின் விலையும் இறங்கியது. வாளியில் நடந்த அதே வேலைதான் பிறகு மெஷினின் மூன்றாவது அறைக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்றைய தூள்கள் பலவற்றில் நொதிகள் கலந்தே வருகின்றன. ஆகவே அன்றாடத் துணிக்கு முன்சலவை தேவையில்லை. ஒவ்வொரு முறையும் அது கூடுதலாக ஒரு நிரப்பு தண்ணீர் குடிக்கும். சேலம் நகரம் குடிப்பதோ மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர். சேறு, கிரீஸ், குழந்தைத் துணி ஆகியவற்றுக்கு மட்டும் அந்தப் பட்டனை அழுத்தினால் போதும். சாயம் போகும் புதுச் சேலையை மட்டும் மெஷினில் போடாமல், தனி வாளியில் வெறும் நீரில் நனைத்துப் பார்ப்பது நல்லது.