யார் காப்பீடற்றவர்? கனடியப் பல் பராமரிப்புத் திட்டத்தின் தகுதி விதி பற்றி

கனடாவில் இருதய அறுவைச் சிகிச்சைக்கு நோயாளி மருத்துவமனைக்கு ஒரு சதமும் கட்டுவதில்லை. அதே நோயாளி கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொள்ளப் போனால் ஆயிரம் டொலருக்கு மேல் எண்ணி வைக்க நேரும். அறுபது ஆண்டுகளாக நீடிக்கும் இந்த முரணைத் தீர்க்க மத்திய அரசு எடுத்த முதற்பெரு முயற்சி, 2023 டிசம்பர் 11 அன்று அறிவிக்கப்பட்ட கனடியப் பல் பராமரிப்புத் திட்டம். இக்கட்டுரை அத்திட்டம் முழுவதையும் மதிப்பிடவில்லை. அதன் ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பல் காப்பீடு பெறும் வாய்ப்பு உள்ள எவரும் திட்டத்தில் சேர முடியாது என்பது அவ்விதி. அந்தக் காப்பீடு ஆண்டுக்கு எத்தனை டொலர் தரும் என்று விதி கேட்பதில்லை. குறைந்த கூலிக்காரருக்கு இது அநீதி. அதைவிட முக்கியமாக, எந்த ஆபத்தைத் தடுக்க இவ்விதி எழுதப்பட்டதோ அதே ஆபத்தை இது வளர்க்கிறது என்பது என் வாதம்.

பல் ஏன் பொது மருத்துவத்துக்கு வெளியே நின்றது? நீதிபதி எமெட் ஹால் தலைமையிலான அரச ஆணைக்குழு 1964இல் தன் அறிக்கையைத் தந்தபோது பல் பராமரிப்பை மறந்துவிடவில்லை. குழந்தைகளில் தொடங்கும் ஒரு பொதுத் திட்டத்தை அது பரிந்துரைத்தது. ஆனால் அன்று நாட்டில் பல் மருத்துவர்கள் மிகக் குறைவு. குடிநீரில் புளோரைடு கலந்தால் சொத்தைப் பல் குறையும், மீதியைத் தூரிகையும் சுயகட்டுப்பாடும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பல் மருத்துவத் துறையிலேயே வலுவாக இருந்தது. 1966இன் மருத்துவப் பராமரிப்புச் சட்டம் பல்லை விட்டுவிட்டு நிறைவேறியது. 1984இன் கனடா சுகாதாரச் சட்டமும், மருத்துவமனையில்தான் செய்தாக வேண்டிய பல் அறுவைச் சிகிச்சையை மட்டுமே உள்ளே எடுத்தது.

விடுபட்ட இடத்தை வேலைவழிக் காப்பீடு நிரப்பியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தொழிற்சங்கங்கள் கூலி ஒப்பந்தங்களில் பல் காப்பீட்டையும் கேட்டு வாங்கின. முதலாளி கட்டும் கட்டுப்பணத்துக்குத் தொழிலாளி மத்திய வருமான வரி கட்ட வேண்டியதில்லை. இது அரசு கண்ணுக்குத் தெரியாமல் தரும் மானியம். வருமானம் கூடக் கூட மானியமும் கூடும். காப்பீடு உள்ளவர் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்கிறார், அரசுப் பணம் இல்லாதவருக்கு மட்டும் போகட்டும் என்ற வாதம் எழும்போதெல்லாம் இந்த வரிச்சலுகை பேச்சிலிருந்து நழுவிவிடுகிறது.

வேறொரு பாதையும் இருந்தது. சஸ்காச்சுவான் மாகாணம் 1974இல் குழந்தைகளுக்கான பல் திட்டத்தைப் பள்ளிக்கூடங்களிலேயே தொடங்கியது. நியூசிலாந்தின் பள்ளிப் பல் தாதியர் முறை அதற்கு முன்மாதிரி. ரெஜைனாவில் பயிற்சி பெற்ற பல் தாதியர், பெரும்பாலும் இளம் பெண்கள், பள்ளியில் ஒரு சிறு அறையில் நாற்காலியைப் போட்டுப் பல் அடைத்தார்கள், பல் பிடுங்கினார்கள். அவர்கள் அடைத்த பற்களின் தரம் பல் மருத்துவர்கள் அடைத்தவற்றுக்குக் குறைந்ததில்லை என்று 1976இலேயே ஓர் ஆய்வு கண்டது. திட்டத்தில் சேர வயது ஒன்றே தகுதி. அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று எவரும் கேட்கவில்லை. 1987இல் அம்மாகாணத்தின் கிராண்ட் டிவைன் அரசு இதை மூடி, பல் தாதியரை வீட்டுக்கு அனுப்பியது. பலன் தராததால் மூடப்பட்ட திட்டம் என்று இதைச் சொல்ல முடியாது. செலவுக் குறைப்பு, தனியார் மருத்துவமே மேல் என்ற அரசியல் கொள்கை, பல் மருத்துவர்களின் அதிருப்தி மூன்றும் ஒருங்கே சேர்ந்த காலம் அது.

அதன் பிறகு ஏழைகளுக்கு மிஞ்சியது மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும் ஒட்டுத்துணித் திட்டங்கள். விளைவை ஒன்ராறியோவின் மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் காணலாம். கடந்த பத்தாண்டின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 தடவை மக்கள் பல்வலியோடு அங்கே போனார்கள். அவசரப் பிரிவில் பல் மருத்துவர் இருக்க மாட்டார். வலி மாத்திரையும் நுண்ணுயிர்க்கொல்லியும் எழுதிக் கொடுத்து, பல் மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்புவார்கள். பல் மருத்துவரைப் பார்க்கக் காசில்லாமல்தான் அவர்கள் அங்கே வந்தார்கள். மாத்திரை முடிந்ததும் வலி திரும்பும், அவர்களும் திரும்புவார்கள். அந்த வருகைகளுக்கெல்லாம் மாகாணம் பணம் கொடுத்தது, ஒரு பல்கூடக் குணமாகாமல்.

2022 மார்ச்சில் சிறுபான்மை லிபரல் அரசு புதிய சனநாயகக் கட்சியுடன் செய்த ஆதரவு உடன்பாட்டில்தான் பல் பராமரிப்பு மத்திய அரசியலுக்குள் வந்தது. முதலில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 650 டொலர் வரை நேரடிப் பணமாகக் கொடுக்கும் இடைக்கால உதவி. பிறகு 2023 வரவுசெலவுத் திட்டத்தில் ஐந்தாண்டுக்கு 13 பில்லியன் டொலர் ஒதுக்கீடு. 87 வயதுக்கு மேற்பட்டோரிடமிருந்து விண்ணப்பம் வாங்கத் தொடங்கி, படிப்படியாக 65 வரை இறங்கினார்கள். 2024 மே 1 அன்று சிகிச்சை தொடங்கியது. 18 முதல் 64 வயது வரையானோரில் பெரும்பாலோருக்கு 2025இல்தான் கதவு திறந்தது. நடைமுறையை சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் கவனிக்கிறது. குடும்பத்தின் சீர்செய்த நிகர வருமானம் 70,000 டொலருக்குக் கீழே இருந்தால் திட்டத்தின் கட்டண வரம்பு முழுவதையும் அரசு ஏற்கும். 70,000 முதல் 79,999 வரை என்றால் நோயாளி 40 சதவீதம், அடுத்த படியில் 60 சதவீதம் கட்ட வேண்டும். 90,000ஐத் தொட்டால் ஒன்றுமில்லை. பல் மருத்துவர் இவ்வரம்புக்கு மேல் கட்டணம் வைத்திருந்தால் வித்தியாசமும் நோயாளி தலையில்.

முதியோருக்கு இது உண்மையிலேயே பெரும் மாற்றம். ஓய்வு பெறும் நாளோடு வேலைவழிக் காப்பீடு பலருக்கு முடிந்துபோகிறது. பல் அதிகம் தொல்லை தரத் தொடங்குவதும் அப்போதுதான். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் எடுக்கும் மாத்திரைகளில் பல வாயை உலர வைக்கும். எச்சில் குறைந்தால் ஈறு இறங்கி வெளித்தெரியும் வேர்ப்பகுதி சொத்தையாகும். நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று மோசமாக்கும். ஒன்ராறியோ 2019 நவம்பரில் தொடங்கிய முதியோர் பல் திட்டத்தின் வருமான வரம்பு தனியருக்கு 19,300 டொலர், தம்பதியருக்கு 32,300 டொலர். பின்னர் ஓரளவு உயர்த்தினார்கள். தொழிற்சாலை ஒன்றிலிருந்து சிறு ஓய்வூதியம் வந்தாலே அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடிய நிலை. மத்திய திட்டம் இந்த இடைவெளியை அடைத்தது. ஸ்காபரோவில் பிள்ளைகளோடு வாழும் தமிழ்த் தாய் தந்தையருக்கும் இதில் ஒரு சிறப்பு உண்டு. மகனின் காப்பீடு அவனுடைய மனைவி பிள்ளைகளோடு நின்றுவிடும்; பெற்றோருக்கு நீளாது. ஆனால் மகனின் வருமானத்தைத் திட்டம் பெற்றோர் கணக்கில் சேர்ப்பதில்லை. முதியோர் ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்தாண்டு வதிவிடத்தையும் அது கேட்பதில்லை. ஆனால் கணவனும் மனைவியும் ஆண்டுதோறும் வரிப் பத்திரம் நிரப்பியிருக்க வேண்டும். வருமானமே இல்லாதவருக்கு வரிப் பத்திரம் எதற்கு என்று எண்ணும் வீடுகளில் இந்தச் சலுகை கைநழுவும்.

இனி அந்த விதிக்கு வருவோம். வேலை வழியாகவோ வாழ்க்கைத் துணையின் வேலை வழியாகவோ, ஓய்வூதியம், தொழில்சார் அமைப்பு, மாணவர் அமைப்பு இவற்றின் வழியாகவோ காப்பீடு பெற முடிந்தால் ஒருவர் தகுதி இழக்கிறார். அந்தக் காப்பீட்டை அவர் வேண்டாமென்று விட்டிருந்தாலும், அதற்குக் கட்டுப்பணம் கட்ட வேண்டியிருந்தாலும், ஒருமுறையும் பயன்படுத்தாவிட்டாலும் கதை அதேதான். கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். உணவு பொதி செய்யும் தொழிற்சாலையில் ஆண்டுக்கு 38,000 டொலர் ஈட்டும் ஒரு பெண்ணின் காப்பீடு ஆண்டுக்கு 500 டொலரோடு நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பரிசோதனை, சுத்தம் செய்தல், ஓர் அடைப்பு, காப்பீடு தீர்ந்தது. வேர்ச் சிகிச்சை தேவையென்றால் கைக்காசு வேண்டும், இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டும். அடுத்த தெருவில் தனியாக வாழ்ந்து, காப்பீடே இல்லாமல் 69,000 டொலர் ஈட்டுபவருக்கு அதே சிகிச்சைக்குத் திட்டம் கைகொடுக்கிறது. இவ்விருவரையும் பிரிப்பது வருமானமும் இல்லை, பல்லின் நிலையும் இல்லை.

வரி நிர்வாகம் இதை எப்படி அறிகிறது? 2023ஆம் வரியாண்டு முதல் முதலாளிகள் தரும் ரி4 படிவத்தில் 45ஆம் கட்டம் சேர்க்கப்பட்டது. தொழிலாளிக்குக் காப்பீட்டு வாய்ப்பு உண்டா, உண்டெனில் துணைக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தா என்பதை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணால் குறிக்க வேண்டும். உச்சவரம்பு எவ்வளவு, நோயாளியின் பங்கு எத்தனை சதவீதம் என்பதற்கு அக்கட்டத்தில் இடமில்லை. ஆகவே பெயரளவுக் காப்பீட்டோடு எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்பதை இப்படிவத்திலிருந்து அறிய வழியில்லை.

விதிக்கு ஆதரவான வாதம் இலேசானதன்று. அரசு இலவசமாகக் கொடுத்தால் முதலாளிகள் தம் காப்பீட்டைக் கைவிடுவார்கள், தனியார் சுமந்த செலவு கருவூலத்தின் மேல் விழும் என்பது அது. சுகாதாரப் பொருளியலில் நன்கு அறியப்பட்ட அச்சம்தான். ஆனால் குறைந்த கூலி நிறுவனம் ஒன்றின் நிலையில் நின்று பாருங்கள். அங்கே காப்பீடு தொடரும்வரை அந்தத் தொழிலாளர்களில் எவருக்கும் அரசுத் திட்டம் இல்லை. தனியொருவர் விலகிப் பயனில்லை, வாய்ப்பு இருந்ததே அவரைத் தடுத்துவிடும். நிறுவனம் காப்பீட்டை முற்றாக நிறுத்தினால் மட்டும், வருமான வரம்புக்குள் இருப்போர் அதைவிட விரிந்த ஒன்றைப் பெறுவார்கள். முதலாளிக்கும் கட்டுப்பணம் மிச்சம். காப்பீட்டைத் தொடர்வதால் இரு தரப்பும் இழக்கின்றன, நிறுத்துவதால் இரு தரப்பும் பெறுகின்றன. கைவிடலைத் தடுக்க எழுதிய விதி, மெலிந்த காப்பீடு இருக்கும் இடத்தில் கைவிடலுக்குக் கூலி கொடுக்கிறது. நல்ல காப்பீடு தரும் பெரிய நிறுவனங்களில் இப்படி நிகழ வாய்ப்பில்லை. அங்கே விதிக்குத் தேவையும் இல்லை.

மாற்று தொலைவில் இல்லை, திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மாகாண அரசின் பல் உதவி பெறுவோர் மத்திய திட்டத்திலும் சேரலாம். யார் முதலில் கட்டுவது, யார் மீதியைக் கட்டுவது என்று இரு அரசுகளும் ஒழுங்கு செய்துகொள்கின்றன. அரசுத் திட்டத்தோடு செய்ய முடிந்த ஒழுங்கைத் தனியார் காப்பீட்டோடு செய்ய முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. கணவன் காப்பீடு முதலில், மனைவி காப்பீடு பிறகு என்று பல் மருத்துவமனை வரவேற்பு மேசைகளில் நாள்தோறும் நடக்கும் வேலைதான் அது. வாய்ப்பு என்பது சில வேளை காகித வாய்ப்பு மட்டுமே என்பதையும் விதி எழுதியவர்கள் உணர்ந்தே இருந்தார்கள். 2023 டிசம்பர் 11க்கு முன் ஓய்வூதியக் காப்பீட்டிலிருந்து விலகி, மீண்டும் சேர முடியாமல் இருப்போருக்கு விலக்கு அளித்தார்கள். அந்த இரக்கம் ஓய்வூதியரோடு நின்றுவிட்டது.

குடும்ப வருமானம் 70,000 டொலருக்குக் கீழே உள்ளோருக்குத் தனியார் காப்பீடு முதலில் கட்டட்டும், அது நின்ற இடத்திலிருந்து மத்திய திட்டம் தன் கட்டண வரம்புக்குள் மீதியைக் கட்டட்டும் என்பது என் முன்மொழிவு. தொழிலாளி தம் சிறு காப்பீட்டை இழக்க விரும்பக் காரணம் இராது. முதலாளி கட்டும் முதல் 500 டொலர் தொடர்ந்து முதலாளியிடமிருந்தே வரும். அது கருவூலத்துக்கும் இலாபம். முதலாளிகள் அந்த 500ஐ 300 ஆக்கக்கூடும் என்ற எதிர்வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் 300 என்பது இன்றைய விதி தூண்டும் பூச்சியத்தைவிட மேல். கூடுதல் செலவு எவ்வளவு என்பதைக் கணிக்க நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலர் இருக்கிறார். அவருக்கு வேண்டிய தரவைத் திரட்ட, ரி4 படிவத்தில் 45ஆம் கட்டத்துக்குப் பக்கத்தில் ஆண்டு உச்சவரம்பைக் கேட்கும் இன்னொரு கட்டத்தை அடுத்த வரியாண்டிலிருந்தே சேர்க்கலாம்.