எண்ணத்திலிருந்து வருமானத்துக்கு: பிரிட்டனின் வாழ்க்கைத்துணை விசா விதிகள், 1962–2024

1980களில் பிரிட்டனில் வாழும் மனைவியிடம் போய்ச் சேர விரும்பிய இந்திய இளைஞர், தம் நாட்டிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகத்தில் விசா அதிகாரியின் முன்னால் அமர்ந்து இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்தத் திருமணம் உண்மையானது என்பது ஒன்று. பிரிட்டனுக்குள் நுழைவது இதன் முதன்மை நோக்கம் அல்ல என்பது மற்றொன்று. முதலாவதை நிரூபித்துவிட்டால் இரண்டாவது தானாக நிரூபணம் ஆகிவிடாது. உண்மையாகவே கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களுக்கும் ‘முதன்மை நோக்கம்’ என்ற பெயரால் விசா மறுக்கப்பட்டது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று அறிய 1962க்குச் செல்ல வேண்டும். காமன்வெல்த் குடிமக்களின் வருகைக்கு முதன்முதலில் வரம்பு கட்டிய அவ்வாண்டுச் சட்டம், ஏற்கெனவே வந்து குடியேறிய ஆண்களின் மனைவியரையும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் தடுக்கவில்லை. ஆண் உழைக்க வருகிறவன், பெண் அவன் பின்னால் வருகிறவள் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. அந்த எண்ணத்தின் மறுபக்கம் 1969இல் வெளிப்பட்டது. உள்துறைச் செயலர் ஜேம்ஸ் காலகன், பிரிட்டனில் வாழும் பெண்களைத் தேடி வரும் காமன்வெல்த் கணவர்களுக்கும் மணமகன்களுக்கும் கதவை ஏறத்தாழ மூடினார். பெண்ணின் கணவன் வேலை தேடி வருகிறவன் என்று கருதப்பட்டான். 1974இல் உள்துறைச் செயலர் ராய் ஜென்கின்ஸ் கதவைத் திரும்பத் திறந்தார். ஆனால் 1977லேயே போலித் திருமணங்களைத் தடுப்பதாகச் சொல்லி, கணவர்களுக்கு 12 மாதத் தகுதிகாண் காலம் கொண்டுவரப்பட்டது.

பெண்களை நம்பினார்கள் என்று இதற்குப் பொருளில்லை. மணமகளாக வந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் செய்துகொள்பவருக்கு அப்போது முன்கூட்டிய விசா தேவைப்படவில்லை. மனைவியாக வருபவருக்குத் தேவைப்பட்டது. 1979 ஜனவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை, ஏற்கெனவே மணமானவர் என்று சந்தேகித்து, கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில் இசைந்ததாக அவர் பின்னர் சொன்னார். கார்டியன் நாளிதழ் இதை வெளியிட்டதும் அந்த நடைமுறை நிறுத்தப்பட்டது. 2011இல் ஆய்வாளர்கள் எவன் ஸ்மித்தும் மரினெல்லா மார்மோவும் அரசுக் கோப்புகளைப் புரட்டியபோது, குறைந்தது 80 பெண்கள் இப்படிச் சோதிக்கப்பட்டது தெரியவந்தது. குடியேற்ற விதியின் வரலாற்றை எழுதும்போது இதை அடிக்குறிப்பாக ஒதுக்க என்னால் இயலவில்லை. ‘மணமாகாத இந்தியப் பெண் இப்படித்தான் இருப்பாள்’ என்று அதிகாரி தானே கற்பித்துக்கொண்ட வழக்கமே அன்று அந்தப் பெண்ணின் உடல்மீது சட்டமாகப் பாய்ந்தது.

வழக்கத்தைத் தானே கற்பித்துக்கொண்டு அதைச் சட்டமாக்கும் இந்த முறை அடுத்த பத்தாண்டிலும் தொடர்ந்தது. 1974ஆம் ஆண்டுச் சலுகையை ரத்து செய்வோம் என்று 1979 தேர்தல் அறிக்கையில் சொன்ன கன்சர்வேட்டிவ் கட்சி, 1980இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. மனைவி பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவராக இருப்பதோடு, அவரோ அவருடைய பெற்றோரில் ஒருவரோ பிரிட்டனில் பிறந்திருந்தால்தான் கணவர் வரலாம். 1983இல் பிறப்பிட நிபந்தனை நீங்கியது. ஆனால் ‘முதன்மை நோக்க’த்தை மறுத்து நிரூபிக்கும் பாரம் விண்ணப்பதாரர் தலையில் ஏறியது. இந்திய வழக்கப்படி பெண்தான் கணவன் வீட்டுக்குப் போவாள், இவனோ மனைவியைத் தேடிப் போகிறான், ஆகவே இவன் நோக்கம் வேறு என்று அதிகாரிகள் வாதிட்டார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நம்மூரிலும் முகம் சுளிப்பார்கள்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் சீதன வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளை அங்கே போய் வாழ்வது இயல்பான வழக்கம். தெற்காசியா முழுமைக்கும் ஒரே வழக்கத்தை எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து விலகியவரைச் சந்தேகிப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதுவே போதும். நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல இதைத் தளர்த்தின. திருமணத்துக்குப் பின் வளர்ந்த பாசத்தைக் கடிதங்களால் காட்டினால் அதைக் கணக்கில் கொள்ளலாம் என்றன. கணவன் மனைவிக்குள் எழுதிக்கொண்டவை இப்படி அரசுக் கோப்பில் சாட்சியங்களாகச் சேர்ந்தன.

இக்காலத்தின் திருப்புமுனை 1985 மே 28 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் வந்தது. அப்துல் அஜீஸ், கபாலெஸ், பால்கந்தாலி ஆகிய மூன்று பெண்களின் வழக்கில், ஆண் மனைவியை அழைத்துவர முடியும்போது பெண் கணவனை அழைத்துவர முடியாதது பால் பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நாட்டு வேலைச் சந்தையைக் காக்கவே இந்த வேறுபாடு என்ற அரசின் வாதத்தை அது ஏற்கவில்லை. இனப் பாகுபாடு என்ற புகாரையும் ஏற்கவில்லை. அரசு இதற்குத் தந்த விடையைக் கவனிக்க வேண்டும். பெண்களுக்கு மறுத்த உரிமையைத் தருவதற்கு மாறாக, கணவர்களுக்கு இருந்த கட்டுப்பாடுகளை மனைவியருக்கும் விரித்தது. பள்ளத்தில் இருந்தவரை மேலேற்றாமல், மேட்டில் இருந்தவரையும் இறக்கிச் சமன் செய்தார்கள். 2012 வரை நிகழ்ந்த மாற்றங்களின் உட்பொருளை இந்த ஒரு முடிவிலேயே காணலாம் என்பது என் கருத்து.

1997 ஜூனில் உள்துறைச் செயலர் ஜாக் ஸ்ட்ரா முதன்மை நோக்க விதியை ஒழித்தார். அதே ஆண்டில் மணமாகாத இணையருக்கும் ஒருபால் இணையருக்கும் சலுகை கிடைத்தது. தகுதிகாண் காலத்தில் கணவனின் அடியைத் தாங்க முடியாமல் வெளியேறும் பெண் நாடுகடத்தப்படும் கொடுமைக்கு எதிராக சவுத்ஆல் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு நடத்திய நெடும் போராட்டம், 1999இல் ஒரு விலக்கைப் பெற்றுத் தந்தது. ஆனால் தகுதிகாண் காலம் 2003இல் இரண்டு ஆண்டாகவும் 2012இல் ஐந்தாண்டாகவும் நீண்டது. இடையில், கட்டாயத் திருமணத்தைத் தடுக்கவென்று 2008இல் வயது வரம்பை 21க்கு உயர்த்தினார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2010 முதல் ஆங்கிலத் தேர்வும் சேர்ந்துகொண்டது.

2012 ஜூலை 9 அன்று வந்த விதி, நோக்கத்தைத் துருவும் வேலையைச் சம்பளச் சீட்டிடம் ஒப்படைத்தது. அழைப்பவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 18,600 பவுண்டாக இருக்க வேண்டியிருந்தது. ஒரு பிள்ளைக்கும் விசா வேண்டுமென்றால் 22,400. வெளிநாட்டிலிருந்து வரப்போகும் துணையின் எதிர்கால ஊதியம் இதில் சேராது. சோறும் வீடும் நாங்கள் தருகிறோம் என்று பெற்றோர் சொன்னாலும் அப்போது சேரவில்லை. கூட்டுக்குடும்பமே காப்பீடாக இருக்கும் சமூகங்களுக்கு இது பேரிடி. லண்டனுக்கும் வாடகை குறைந்த வடக்கு ஊர்களுக்கும் ஒரே அளவுகோல். 2015இல் பிரிட்டிஷ் ஊழியரில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினரும், பெண் ஊழியரில் பாதிக்கு மேற்பட்டோரும் இவ்வளவு ஈட்டவில்லை என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. ஆணா பெண்ணா என்று கேட்பதை விதி விட்டுவிட்டது. ஆனால் 1985இல் நீதிமன்றம் கண்ட ஏற்றத்தாழ்வு ஊதியத்தின் வழியே திரும்பி வந்தது.

ஈழத் தமிழரிடையே இந்த வருமான விதி இன்னொரு கோடு போட்டது. நாட்டைவிட்டு ஓடுமுன் மணந்த துணையை, 2012 விதிகளின் கீழ், அகதி நிலை பெற்றவர் வருமான நிபந்தனையின்றி அழைக்க முடிந்தது. தஞ்சம் பெற்ற பிறகு மணந்தால் வருமானம் காட்ட வேண்டியிருந்தது. போர் ஒருவரைத் துரத்தியது திருமணத்துக்கு முன்னா பின்னா என்பதே அவர் மனைவியின் விசா வழியைத் தீர்மானித்தது.

2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வருமான வரம்பு கொள்கையளவில் செல்லும், ஆனால் பிள்ளைகளின் நலனை விதிகள் போதிய அளவு கருதவில்லை என்றது. கணினித் திரையில் மட்டும் அப்பாவையோ அம்மாவையோ பார்த்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி இங்கிலாந்தின் சிறார் ஆணையர் 2015இலேயே அறிக்கை தந்திருந்தார். தீர்ப்பை அடுத்து, விதிவிலக்கான சூழலில் மூன்றாமவர் ஆதரவையும் கருதலாம் என்று அரசு சிறு திருத்தம் செய்தது.

2023 டிசம்பரில் அன்றைய உள்துறைச் செயலர் ஜேம்ஸ் கிளெவர்லி வரம்பை 38,700க்கு உயர்த்தப்போவதாக அறிவித்தார். எதிர்ப்பு எழ, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 என்று நின்றது. ஏப்ரல் 10 அன்று விண்ணப்பித்தவருக்கு 18,600 பவுண்டு போதும். நீட்டிப்புக்கும் அதே தொகைதான். ஒரே கடையில் ஒரே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இருவரில் ஒருவரின் மனைவி வந்து சேர்ந்தார். மறுநாள் விண்ணப்பித்தவரின் மனைவி இன்னும் ஊரிலேயே இருக்கிறார்.