தொழில்முறைச் சைக்கிள் பந்தயத்தில் ஊக்கமருந்தும் உடல்நலமும்: 1924 முதல் இன்றுவரை

ஊக்கமருந்தால் இறந்த முதல் விளையாட்டு வீரர் யார் என்ற கேள்விக்குப் பல நூல்கள் ஒரே விடையைத் தருகின்றன: ஆர்தர் லிண்டன் என்ற வேல்ஸ் நாட்டுச் சைக்கிள் வீரர், 1886இல், போர்டோ–பாரிஸ் பந்தயத்தில் இறந்தார். இந்த விடையில் ஏறத்தாழ எதுவுமே சரியில்லை. போர்டோ–பாரிஸ் பந்தயம் தொடங்கியதே 1891இல்தான். லிண்டன் அதில் கலந்துகொண்டது 1896இல். பந்தயத்தை முடித்துவிட்டு ஊர் திரும்பியவர், சில வாரங்கள் கழித்து இறந்தார். அக்காலச் செய்திகள் சொல்லும் காரணம் டைபாய்டு. அவருடைய பயிற்சியாளர் வார்பர்ட்டன் தம் வீரர்களுக்கு ஒரு சீசாவிலிருந்து எதையோ புகட்டுவார் என்ற பேச்சு அன்றே இருந்தது உண்மைதான். அந்தப் பேச்சைத் தவிர வேறு சான்று இல்லை.

ஊக்கமருந்தின் நெடுங்காலப் பாதிப்பைப் பற்றி நாம் அறிந்ததாக நினைப்பதில் கணிசமான பகுதி இப்படித்தான் உருவானது. பந்தயத்தின் நடுவே நேர்ந்த மரணங்கள் செய்தியாயின. செய்தி சான்றாகக் கொள்ளப்பட்டது. உண்மையான சேதமோ சாலையோரத்தில் நிகழவில்லை. அட்ரீனல் சுரப்பியிலும், எலும்பிலும், கல்லீரலில் படிந்த இரும்பிலும், பந்தயத்தை விட்ட பிறகும் விடாத போதைப் பழக்கத்திலும் அது மெதுவாக நிகழ்ந்தது. அதைப் பதிவு செய்ய யாருக்கும் வழியில்லாமல் செய்தது, மருந்தைச் சுற்றியிருந்த ரகசியம். அந்த ரகசியத்தையே ஒரு நோய்க் காரணியாகக் கருத வேண்டும் என்பது என் முடிவு.

களைப்பை மறைத்த காலம்

1924 டூர் டி பிரான்ஸ் 5,425 கிலோமீட்டர் நீளமுடையது, கட்டங்களோ 15தான். செர்பூரிலிருந்து பிரெஸ்ட் வரையிலான மூன்றாம் கட்டம் மட்டும் 400 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்தக் கட்டத்தின் நடுவே, மேலாடை குறித்த ஒரு விதித் தகராறில் ஆன்றி பெலிசியேவும் தம்பி பிரான்சிஸும் சக வீரர் மொரீஸ் வீலும் பந்தயத்தை விட்டு விலகி, கூதான்ஸ் நகரின் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தனர். பத்திரிகையாளர் ஆல்பெர் லோந்திர் அவர்களைத் தேடி வந்தபோது, தங்கள் பைகளிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினார்கள்: கண்ணுக்குக் கோகெயின், ஈறுக்குக் குளோரோஃபாம், பிறகு விதவிதமான மாத்திரைகள். இரவில் தூக்கம் வராமல் உடல் துடிப்பதையும், உதிரும் கால் நகங்களையும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது ஒரு குற்ற ஒப்புதல் அல்ல, தொழிலாளியின் முறையீடு. அன்று இதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. மறைக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆம்ஃபிடமின் வந்தது. இது தசைக்கு வலுவூட்டுவதில்லை. உடல் தன் எல்லையை நெருங்கும்போது மூளை அனுப்பும் எச்சரிக்கையை அமுக்கிவிடுகிறது. கூடவே தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால், உடலுக்குள் உருவாகும் வெப்பம் வெளியேற வழி குறைகிறது. கோடை வெயிலில் மலையேறும் ஒருவருக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை டூர் பாதையில் வரும் வான்டூ மலை இருமுறை காட்டியது. 1955இல் பிரெஞ்சு வீரர் ழான் மாலெழாக் அங்கே மயங்கி விழுந்தார். பந்தய மருத்துவர் பியேர் துய்மா அவரைப் பிழைக்க வைத்தார். 1967 ஜூலை 13 அன்று விழுந்த பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சனை அவரால் காப்பாற்ற முடியவில்லை. சிம்ப்சனுக்கு வயது 29. அவருடைய சட்டைப் பையில் மாத்திரைக் குழாய்கள் இருந்தன. உடற்கூறாய்வில் ஆம்ஃபிடமினும் மதுவும் தெரிந்தன.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இறந்த டென்மார்க் வீரர் க்னுட் எனமார்க் யென்சனை இதே வரிசையில் வைப்பது வழக்கம். நான் வைக்க மாட்டேன். ஏறத்தாழ 40 டிகிரி வெயில், நீரிழப்பு, விழுந்ததில் மண்டையோட்டு முறிவு ஆகியவை உறுதியானவை. ஆம்ஃபிடமின் கதையை ஆராய்ந்த டென்மார்க் ஆய்வாளர் வெர்னர் மொல்லர், அதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறார். ஆனால் அந்த மரணம்தான் சட்டங்களைக் கொண்டுவந்தது. பிரான்ஸும் பெல்ஜியமும் 1965இல் ஊக்கமருந்துக்கு எதிராகச் சட்டம் இயற்றின. 1966இல் டூரில் முதல் சிறுநீர்ச் சோதனை நடந்ததும் வீரர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நடந்து எதிர்ப்புக் காட்டினர்.

இந்தக் காலத்தின் நெடுங்காலப் பாதிப்பை ஒரே ஒரு வாழ்க்கையில் பார்க்கலாம். 1960 டூரில் பெர்ழுரே கணவாயின் இறக்கத்தில் பிரெஞ்சு வீரர் ரொஜே ரிவியேர் பள்ளத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தார். பால்ஃபியம் என்ற வலுவான வலிநிவாரணியை எடுத்திருந்ததை அவர் ஒப்புக்கொண்டார். மருந்து விரல்களை மரக்கச் செய்ததால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாமல் போயிருக்கலாம் என்பது பரவலான விளக்கம். 24 வயதில் பந்தய வாழ்வு முடிந்தது. ஊனத்தோடு வாழ்ந்து 40 வயதில் புற்றுநோயால் இறந்தார். அந்தப் புற்றுநோயை மருந்தின் கணக்கில் எழுத ஆதாரமில்லை. ஊனம் வேறு, மருந்து எடுத்திருந்ததை அவரே ஒப்புக்கொண்டார்.

கார்ட்டிசோன்

எழுபதுகளின் கார்ட்டிசோன் பற்றி எழுதுபவர்கள் குறைவு. அதில் மரணக் காட்சி இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். நெடுங்காலப் பாதிப்பு மிக உறுதியாகத் தெரிந்த மருந்தோ இதுதான். 1975, 1977 டூர்களின் வெற்றியாளர் பெர்னார் தெவனே 1978இல் உடல் முற்றிலும் ஓய்ந்து மருத்துவமனையில் சேர்ந்தார். பல ஆண்டுகள் கார்ட்டிசோன் எடுத்ததை வெளிப்படையாகச் சொன்னார். நாட்டு மக்களின் அனுதாபத்துக்குப் பதில் வசையே அவருக்குக் கிடைத்தது. அடுத்து யாரும் வாய் திறக்காததில் வியப்பில்லை.

வெளியிலிருந்து கார்ட்டிசோன் தொடர்ந்து வரும்போது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அட்ரீனலுக்கு ஆணையிடுவதை நிறுத்திவிடும். வேலையில்லாத அட்ரீனல் சுருங்கும். பிறகு மருந்தைச் சட்டென நிறுத்தினாலோ, காய்ச்சலோ விபத்தோ நேர்ந்தாலோ, தேவையான ஹார்மோனைச் சுரக்க உடலால் முடியாது. ரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எலும்பும் மெலியும். சைக்கிள் வீரர்களுக்கு இது இரட்டை அடி. உடல் எடையை எலும்பு தாங்காத விளையாட்டு என்பதால், மருந்தே தொடாத வீரருக்கும் எலும்படர்த்தி குறைவாக இருப்பது அறிந்த செய்தி. முடக்குவாதம், ஆஸ்துமா நோயாளிகளிடம் பல பத்தாண்டுகளாகக் கண்ட விளைவுகள் இவை. வீரர்களிடம் தனியாக நிரூபிக்கக் காத்திருக்கத் தேவையில்லை. 2007இல் சில அணிகள் தாமாகச் சேர்ந்து அமைத்த நம்பகமான சைக்கிள் பந்தயத்துக்கான இயக்கம், அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனின் அளவு தாழ்ந்த வீரரைப் பந்தயத்திலிருந்து விலக்கி ஓய்வெடுக்கச் செய்யும் விதியைக் கொண்டுவந்தது. தண்டனையாக அல்லாமல் பாதுகாப்பாக எழுதப்பட்ட அரிய விதி அது.

ஈபிஓ: கட்டுக்கதையும் உடலியலும்

எரித்ரோபொயட்டின், சுருக்கமாக ஈபிஓ, சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன். சிவப்பணுக்களை உருவாக்கும்படி எலும்பு மஜ்ஜையை அது தூண்டுகிறது. மரபணுப் பொறியியல் வழியே தயாரித்த வடிவத்துக்கு அமெரிக்கா 1989இல் அனுமதி தந்தது. 1990இல் சர்வதேச ஒலிம்பிக் குழு தடைவிதித்தது. இதே ஆண்டுகளில் டச்சு, பெல்ஜிய வீரர்கள் 18 பேர் தூக்கத்தில் இறந்தார்கள், காரணம் ஈபிஓ என்ற செய்தி உலகெங்கும் பரவி, மருத்துவ இதழ்களிலும் ஏறியது. ஆய்வாளர் பெர்னாட் லோபஸ் 2011இல் அந்தப் பட்டியலைப் பெயர் பெயராகப் பிரித்துப் பார்த்தார். எண்ணிக்கை கட்டுரைக்குக் கட்டுரை மாறியது. சில மரணங்கள் மருந்து சந்தைக்கு வருவதற்கு முந்தையவை. எந்த ஒன்றிலும் ஈபிஓவுக்கான நேரடிச் சான்று இல்லை. 1990 பிப்ரவரியில் 26 வயதில் இறந்த டச்சு வீரர் யோஹானஸ் டிராயர் மீதும் அந்தக் குற்றச்சாட்டு சான்றில்லாமலேயே சுமத்தப்பட்டிருக்கிறது.

ஆனால் கதை பொய்யானதால் ஆபத்தும் பொய் என்றாகாது. சிவப்பணு கூடினால் ரத்தம் கெட்டிப்படும். பகலில் வியர்த்து நீரிழந்த வீரரின் இதயம் இரவில் நிமிடத்துக்கு 40 துடிப்புக்கும் கீழே இறங்கலாம். கெட்டியான ரத்தமும் மெதுவான ஓட்டமும் சேர்ந்தால் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். தொண்ணூறுகளின் வீரர்கள் சிலர் நடு இரவில் எழுந்து உடற்பயிற்சி செய்தது இந்த அச்சத்தால்தான்.

1997இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ஒரு வரம்பு வைத்தது. அதிகாலையில் விடுதி அறைக் கதவைத் தட்டி, வீரரின் கையிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். அதில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று அளப்பார்கள். அந்தப் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஆண் வீரருக்கு இரண்டு வார ஓய்வு. ஈபிஓவை நேரடியாகக் கண்டுபிடிக்கும் சோதனை 2000 வரை இல்லை. எனவே நலம் காக்க வைத்த வரம்பு இலக்காக மாறியது: இயல்பாக 42 உள்ளவர் 49 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்று அணி மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். கதவு தட்டும் ஓசை கேட்டதும் உப்புநீரை நரம்பில் ஏற்றி அளவைக் கீழிறக்கவும் கற்றார்கள். இத்தாலிய வீரர் மார்கோ பாந்தானி 1999 ஜூனில் மதோனா தி காம்பிலியோவில் பந்தயத்திலிருந்து வெளியேற்றப்பட்டது இந்த அளவீட்டால்தான்.

யாரும் பெரிதாகப் பேசாத சேதம் இரும்பு. சிவப்பணு உருவாக இரும்பு வேண்டும் என்பதால் ஈபிஓவோடு இரும்பு ஊசியும் வருடக்கணக்கில் போடப்பட்டது. மிகுதியான இரும்பை வெளியேற்ற மனித உடலில் வழியில்லை. அது கல்லீரல், கணையம், இதயத் தசை ஆகியவற்றில் தங்கிவிடும். 1999 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழில்முறை வீரர்களிடம், உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்த ஆய்வில், தொடக்கத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமைத் தாண்டியிருந்தது. கால்வாசிப் பேருக்கு 500ஐயும் தாண்டியிருந்தது. பரிசோதனை தொடர்ந்த ஆண்டுகளில் இந்த விகிதம் குறைந்தது. நேரில் அளந்து, எண்ணாகக் கிடைத்த சான்று இது. 

நோயாளிகளிடமிருந்து கிடைத்த அறிவையும் சேர்க்க வேண்டும். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களிடம் நடத்தி 2009இல் வெளியான ட்ரீட் ஆய்வில், ஈபிஓ வகை மருந்து பெற்றவர்களில் 5 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்தது; மற்றவர்களில் 2.6 சதவீதம். நோயாளியின் ரத்தக்குழாய் வேறு, 25 வயது வீரரின் ரத்தக்குழாய் வேறு என்பதால் இதை அப்படியே பொருத்த முடியாது. 2017இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நன்கு பயின்ற 48 சைக்கிள் ஓட்டுநர்களைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம் ஈபிஓ கொடுத்தார்கள். வான்டூ மலை வரை நடத்திய பந்தயத்தில் இரு பிரிவினரின் நேரத்திலும் வேறுபாடு இல்லை. ரத்தக்குழாய் உட்சுவரின் கிளர்ச்சியைக் காட்டும் குறியீடுகள் மட்டும் ஈபிஓ பிரிவில் உயர்ந்திருந்தன.

புள்ளிவிவரம் சொல்வதும் சொல்லாததும்

1947 முதல் 2012 வரை டூரில் பங்கேற்ற 786 பிரெஞ்சு வீரர்களை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை, அவர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களைவிட 41 சதவீதம் குறைவு என்றது. 1930 முதல் 1964 வரையிலான பிரெஞ்சு, இத்தாலிய, பெல்ஜிய வீரர்கள் 834 பேரைப் பார்த்த முந்தைய ஆய்வில், அவர்களில் பாதிப் பேர் இறந்த வயது 81.5, பொதுமக்களில் 73.5. ஊக்கமருந்து தீங்கற்றது என்று வாதிடுவோர் இந்த எண்களைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அந்த வாதம் நிற்காது. பிறவியிலேயே வலுவான இதயமும் நுரையீரலும் உள்ளவர்களைப் புகைப்பவரும் நோயாளியும் கலந்த பொதுமக்களோடு ஒப்பிட்டால் வேறு விடை வராது. யார் எந்த மருந்தை எத்தனை ஆண்டு எடுத்தார் என்ற தகவல் இந்த ஆய்வுகளில் இல்லை. மருந்தில்லாமல் இன்னும் அதிகம் வாழ்ந்திருப்பார்களா என்று கேட்கவே வழியில்லை. தொண்ணூறுகளின் ஈபிஓ தலைமுறையோ இப்போதுதான் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருக்கிறது.

சராசரி எண்ணுக்குள் மறைந்துபோகும் இன்னொன்று போதைப் பழக்கம். ஆம்ஃபிடமின், கோகெயின், ஹெராயின், கஃபீன் ஆகியவற்றைக் கலந்த, ‘பெல்ஜியக் கலவை’ என்று வீரர்களிடையே வழங்கிய ஊசி, பந்தயத்திலிருந்து விருந்துக்கும் விருந்திலிருந்து வீட்டுக்கும் சென்றது. அதைத் தம் நூலில் விவரித்த பிரெஞ்சு வீரர் பிலிப் கோமோன் 2013இல் மாரடைப்பால் 40 வயதில் இறந்தார். பாந்தானி 2004இல் ரிமினியில் ஒரு விடுதி அறையில் கோகெயினால் இறந்தார், வயது 34. இவர்களின் சாவுக்குப் பந்தய மருந்து எவ்வளவு பொறுப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஊசியை இருபது வயதில் அன்றாடப் பழக்கமாக்கிய தொழில் அது. 2011இல் இத்தாலிய வீரர் ரிக்கார்தோ ரிக்கோ, குளிர்பதனப் பெட்டியில் வாரக்கணக்கில் வைத்திருந்த தன் ரத்தத்தைத் தானே ஏற்றிக்கொண்டு சிறுநீரகம் பழுதடைந்து மருத்துவமனைக்குச் சென்றதும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே.

ஓய்வு பெற்ற வீரர்கள் தண்டனைக்கு அஞ்சாமல் தம் மருந்து வரலாற்றை மருத்துவரிடம் பதிய ஓர் ஏற்பாடு வேண்டும். இது இல்லாத வரை மேற்கண்ட கேள்விகளில் எதற்கும் விடை வராது. பந்தயத்தில் இருப்பவர்களுக்கான விதிகளில் மட்டும் அண்மையில் ஒரு மாற்றம் தெரிகிறது. டிரமடால் வலிநிவாரணியைச் சம்மேளனம் 2019 மார்ச்சில் தடைசெய்தபோது, ஊக்கமருந்து விதியின்கீழ் அல்லாமல் உடல்நல விதியின்கீழ் செய்தது. 2022 டூரில் கொலம்பிய வீரர் நைரோ கின்டானா தம் இடத்தை இழந்தது அந்த விதியால்தான். ஈபிஓ சுரப்பைத் தூண்டுவதற்காகக் கார்பன் மோனாக்சைடை மீண்டும் மீண்டும் சுவாசிப்பதை, எந்த வீரரும் சாகும்வரை காத்திராமல், சம்மேளனம் 2025 பிப்ரவரியில் தடைசெய்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் அது 2026இல் சேர்ந்தது.