தாழ்கோண வீரர் உருவப்படம்
கேமராவை முழங்காலுக்கும் கீழே இறக்கி, விளையாட்டு வீரரை அண்ணாந்து எடுக்கும் படம். ஃபேஷன் இதழ்களிலும் ஷூ விளம்பரங்களிலும் பழகிப்போனது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் படமாக்கிய லெனி ரீஃபன்ஷ்டால், மைதானத்தில் குழி தோண்டி அதற்குள் கேமராவை வைத்தார். அந்தப் படமான ‘ஒலிம்பியா’ 1938இல் வெளியானது. நாஜிப் பிரசாரக் கறை அதன் அழகோடு ஒட்டியே வருகிறது.

ஜவ்வாது மலை நெல்லிவாசல்நாடு போன்ற மலையூரில் குழியே வேண்டாம். ஓட்டக்காரியை மேட்டில் நிறுத்தி, சரிவில் படுத்துக்கொண்டால் அடிவானம் அவர் கணுக்காலுக்கு இறங்கிவிடும். 24 மி.மீ. லென்ஸில் முன்னே நீட்டிய கால் பூதாகரமாகும். ஷூவின் அடிப்பள்ளத்தில் அப்பிய மண்கூடத் தெரியும். முகமோ சிறுத்து, மூக்குத்துளை எடுப்பாகும். அதனால் மோவாயைச் சற்றே தாழ்த்தச் சொல்வார்கள். வானத்துக்கேற்ப எக்ஸ்போஷரைக் குறைத்து, பக்கவாட்டில் ஃபிளாஷ் அடிப்பது வழக்கம். கீழிருந்து அடித்தால் பேய்ப்படம்தான்.