கலப்புப் பணியிடப் பாதுகாப்பு (யாழ்ப்பாணக் குடாநாடு)

ஊழியரில் சிலர் அலுவலகத்திலும் சிலர் வீட்டிலும் இருந்து வேலை செய்யும் நிறுவனம் தன் தரவையும் கணக்குகளையும் காக்கும் முறை. 2020 ஊரடங்கும், மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட 2022 எரிபொருள் நெருக்கடியும் இலங்கை முழுவதும் வீட்டு வேலையைத் தவிர்க்க முடியாததாக்கின. குடாநாட்டின் மென்பொருள், கணக்கியல் நிறுவனங்களுக்கும் இதே நிலைதான்.

கோண்டாவிலில் மின்சாரம் போனால் ஊழியர் மடிக்கணினியுடன் உறவினர் வீட்டுக்குப் போவார். அங்குள்ள வைஃபையின் கடவுச்சொல் பக்கத்து வீட்டுக்கும் தெரிந்திருக்கும். மாலையில் அதே கணினியில் பிள்ளை விளையாட்டொன்றைத் தரவிறக்கும். ஆபத்து பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது. வேலைக்குத் தனிப் பயனர் கணக்கு, இருபடி உறுதிப்பாடு, வட்டு மறையாக்கம், விலகியவரின் அனுமதியை அன்றே நீக்குதல் ஆகியவை செலவு குறைந்த காப்புகள். பலர் கடைசியானதையே மறக்கிறார்கள்.

காப்புப் பிரதி தனியே பேசவேண்டியது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பைப் பணயத் தீநிரல் தாக்கியபோது இணைப்பிலிருந்த பிரதியும் சேர்ந்தே முடங்கியது; மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. வலையமைப்பிலிருந்து கழற்றி வைத்த பிரதி ஒன்றாவது வேண்டும்.

அத்துமீறிய அணுகலை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் தண்டிக்கிறது. வாடிக்கையாளர் தகவலைக் கையாளும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுக்கிறது.