குற்றச்சாட்டு பதிவானால் எல்லாம் முடிந்துவிட்டதா?



சென்ற வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஏதோ ஒரு பங்காளித் தகராறில் அவன் பெயரையும் சேர்த்துவிட்டார்களாம். "சார், கோர்ட்டில் சார்ஜ் ஃபிரேம் பண்ணிட்டாங்க. இனி கேஸ் முடியும்வரை அலைய வேண்டியதுதானா?" என்றான். குரல் உடைந்திருந்தது. நான் வக்கீல் அல்ல. தெரிந்த வரலாறு ஒன்றைச் சொன்னேன். உங்களுக்கும் பயன்படட்டும்.

1974 செப்டம்பரில் சோஷலிஸ்ட் தலைவர் மது லிமயே, மகாராஷ்டிர சட்ட அமைச்சராக இருந்த அந்துலே மீது டெல்லியில் ஒரு குற்றச்சாட்டை வைத்தார். மாநில அரசு அவதூறு வழக்குப் போட்டது. "நான் சொன்னது அமைச்சர் பணியைப் பற்றியதல்ல. அரசு வழக்குத் தொடரவே முடியாது" என்றார் லிமயே. அமர்வு நீதிமன்றம் அதை ஏற்காமல் குற்றச்சாட்டைப் பதிவு செய்தது.

அவர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே கதவு அடைபட்டது. 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397(2) பிரிவு, இடைக்கால உத்தரவுகளை எதிர்த்துச் சீராய்வு மனு போடக்கூடாது என்றது. வழக்குகள் இழுபடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது.

1977 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்தது. ஓர் ஆட்சேபணையை ஏற்றால் வழக்கே முடிந்துவிடும் என்றால், அதை நிராகரிக்கும் உத்தரவு வெறும் இடைக்கால உத்தரவு ஆகாது என்றது. கேள்வித்தாளே தவறு என்றால், பரீட்சை முடியட்டும் பார்க்கலாம் என்று நாம் சொல்வோமா? அதுபோலத்தான்.

ஆனால் இது எல்லோருக்கும் திறந்த வாசல் அல்ல. இந்தக் கட்டத்தில் நீதிபதி சாட்சிகளை முழுதாக எடைபோட மாட்டார். பலத்த சந்தேகத்துக்கு இடமிருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார். மேலே மனு போட்டதாலேயே விசாரணையும் நின்றுவிடாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டப்படி, அமர்வு நீதிமன்ற வழக்கில் விடுவிக்கக் கோரும் மனுவை, வழக்கு அங்கே அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் போட வேண்டும்.

"குற்றச்சாட்டு என்பது தீர்ப்பு அல்லப்பா. நாளைக்கே வக்கீலைப் பார்" என்றேன். மறுநாள் பார்த்துவிட்டுப் பேசினான். சீராய்வு மனுவுக்குத் தாள்கள் தயாராகின்றனவாம். என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

யாருக்கும் இந்த நிலை வர வேண்டாம். வந்தால் பயந்து நாளைக் கடத்தாதீர்கள்.

உங்கள் ஆசிரியர்.