மிச்சத்துக்காகப் பிறக்காத பெட்டி

நேற்று மீந்த குழம்பையும் விசேஷ வீட்டிலிருந்து வந்த பிரியாணியையும் ஃப்ரீசரில் தள்ளிவிடுவது இன்று பல வீடுகளில் சாதாரணம். ஆனால் அந்தப் பெட்டி மீந்ததைக் காப்பாற்ற உருவானதல்ல. புதியதை அதன் புதுமை கெடாமல் நிறுத்தி வைக்கவே உருவானது. வீட்டு ஃப்ரீசர் முதலில் பெருகிய அமெரிக்காவின் வரலாறு இதைத் தெளிவாகவே காட்டுகிறது.

1910களில் இன்றைய கனடாவின் லாப்ரடார் பகுதியில் ரோமத்தோல் வியாபாரம் செய்துகொண்டிருந்தார் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. அங்கே இன்யுட் மக்கள் கடுங்குளிரில் பிடித்த மீன், தண்ணீரை விட்டு வெளியே வந்ததுமே கல்லாக உறைந்தது. மாதக்கணக்கில் கிடந்த பிறகும் ருசி மாறவில்லை. காரணம் வேகம். மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் பெரிதாக வளர்ந்து திசுவைக் கிழிக்கும். உருகும்போது சாறெல்லாம் வடிந்துவிடும். வேகமாக உறைந்தால் படிகம் சிறிதாகவே நிற்கும். இதை இயந்திரத்தில் கொண்டுவந்த அவருடைய தொழில் 1929இல் 2.2 கோடி டாலருக்குக் கைமாறியது. மறுஆண்டு மார்ச்சில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு கடைகளில் உறைந்த மீன், இறைச்சி, பட்டாணி எல்லாம் விற்பனைக்கு வந்தன. ஆனால் வாங்கியவர்களின் வீட்டில் அவற்றை வைக்க இடமில்லை. 1927இல் வந்த ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ‘மானிட்டர் டாப்’ போன்ற ஃப்ரிட்ஜ்களில் உறையும் பகுதி ஐஸ் தட்டு வைக்கும் அளவுக்கே இருந்தது. மீந்த உணவு அதற்கு வெளியே, குளிர்ந்த தட்டுகளில்தான் இருந்தது. வீட்டில் இல்லாத வசதியை ஊருக்குப் பொதுவான குளிர்க்கிடங்குகள் கொடுத்தன. விவசாயி தான் அறுத்த பன்றியையோ மாட்டையோ துண்டு போட்டுக் காகிதத்தில் சுற்றி, அங்கே வாடகைக்கு எடுத்த அறைப்பெட்டியில் பூட்டி வைப்பார்; தேவைப்படும்போது போய் எடுத்து வருவார். 1940களின் இறுதியில் அமெரிக்காவில் இத்தகைய கிடங்குகள் 10,000க்கு மேல் இருந்தன. உள்ளே போனது அறுத்த இறைச்சியும் பறித்த காய்கனியும். ஆறிப்போன சாப்பாடு அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுக்கே ஃப்ரீசர் வந்தபோது அதை ஆர்வத்துடன் வாங்கியவர்களில் பண்ணைக் குடும்பங்கள் முன்வரிசையில் நின்றன. மீந்ததற்கு அதில் இடம் கிடைத்தது பிறகுதான்.

சமைத்ததை உறைய வைப்பது அதற்கும் முந்தைய வழக்கம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வீடுகளில் குளிர்காலத் தொடக்கத்தில் பை பலகாரங்களை மொத்தமாகச் சுட்டு, குளிர்ந்த அறைகளில் உறைய விட்டார்கள். ஆனால் அவையும் மீந்தவை அல்ல. வைத்துத் தின்பதற்கென்றே சுட்டவை, சுட்ட கையோடு உறைந்தவை. தொடக்கம் எப்படியிருந்தால் என்ன, வீணாகாமல் இருந்தால் போதாதா என்பது இன்னும் வலுவான கேள்வி. உணவை வீணாக்கக் கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மைனஸ் 18 டிகிரிக் குளிர் பெரும்பாலான கிருமிகளைக் கொல்வதில்லை, பெருக விடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். மூன்று நாள் ஃப்ரிட்ஜில் கிடந்து சோர்ந்த சாம்பார் அதே சோர்வோடுதான் உருகி வரும். அன்றைக்கே ஆறவைத்துச் சின்னச் சின்ன டப்பாக்களில் உறைய வைத்தது, உள்ளே போன நிலையிலேயே ஏறக்குறைய திரும்பி வரும். ஆகவே மீந்ததை ஃப்ரீசரில் வைப்பதென்றால் சமைத்த அன்றே வையுங்கள். கெட்டுப்போகுமோ என்ற சந்தேகம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.